பலகைப் பக்கம் திரும்பிய முகம்

வினோதாவின் வீட்டில் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்தது சுவர் அல்ல, பலகை. தேயிலையைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிய காலத்தில், உடைந்துபோன பெட்டிகளைத் தொழிற்சாலையில் சும்மா கொடுப்பார்கள். அந்த ஒட்டுப்பலகைகளைக் கழற்றி, சட்டத்தில் அறைந்து, ஒற்றையறைக் காம்பராவை இரண்டாக்கிக் கொள்வது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வழக்கம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். அதன் வழியே அடுப்புப் புகை முன்னறைக்கு வரும். புகையை அடைக்க, ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய பத்திரிகைத் தாளை ஒட்டுவார்கள். போன வருஷத் தாளைப் பிய்க்க மாட்டார்கள். பிய்த்தால் பலகைச் சிராயும் சேர்ந்து வரும். அதன் மேலேயே புதுத்தாள். இப்படி ஒட்டி ஒட்டி, வினோதா வீட்டுப் பலகையை விரலால் அழுத்தினால் மெத்தை மாதிரி உள்ளே போய்த் திரும்பியது.

அந்த மெத்தைக்கு அடியில்தான் அவர்களுடைய கூரை இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம். ஸ்டூல் மேல் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் கேத்தல், கேத்தல் மூக்கில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையைப் பிடித்துப் பலகைமேல் ஆவி படும்படி ஆட்டிக்கொண்டிருந்தான் அழகுமுத்து. மனைவி வினோதா விரல் நுனியால் தாளின் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். மகள் லோஜினி டோர்ச் பிடித்தாள்.

"கிட்டக் கொண்டுபோகாதீங்க. வெந்துரும்."

"வாட்டுற மாடியில நிக்கிறவனுக்கே நீ ஆவி காட்டச் சொல்லித் தர்றியா புள்ள?"

"அங்க கெட்டுப்போனா துரை பாத்துக்குவாரு. இங்க கெட்டுப்போனா நம்மதான் நனையணும்."

அழகுமுத்துவுக்குத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவார்கள். காற்றில் சூடு கூடினால் இலையின் ஓரம் கருகி, நடு பச்சையாகவே நிற்கும். பொறுமையாக விட்டால்தான் இலை உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி துவளும். பசையும் அப்படித்தான் என்பது அவன் நம்பிக்கை. ஆவி மெல்ல ஊற வேண்டும். மாப்பசை தண்ணீர் கண்டால் மறுபடி பசையாகிவிடும். அந்த நேரம் பார்த்துத் தாளைத் தூக்கினால் கிழியாது.

நேற்று மத்தியானம்தான் ஹட்டனிலிருந்து ரிஸ்வி நானா போன் பண்ணினார். பழைய பேப்பர் எடைக்கு வாங்கும் கடை அவருடையது. கொழும்பில் அச்சகம் வைத்திருக்கும் மதுரன் என்பவர் ஞாயிறு காலை வருகிறார், புத்தகங்களைப் பார்த்துப் பிடித்தால், பேசிய விலையைக் கொடுத்துக் கையோடு எடுத்துப் போவார் என்றார்.

அதனால்தான் இந்த அவசரம்.

புத்தகங்கள் என்றால் படக்கதைப் புத்தகங்கள். கோமேதகம் காமிக்ஸ் என்று, கடல் தாண்டி வந்தவை. கல்யாணமான புதிதில் அழகுமுத்து ரிஸ்வி கடைத் தராசுப் பக்கம் குந்தி, பேப்பர் குவியலைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. சீட்டு விளையாடுகிறவனுக்கும் சாராயம் குடிக்கிறவனுக்கும் நடுவில் தன் புருஷன் மட்டும் பொம்மைப் புத்தகம் தூக்கி வருகிறானே என்று அவள் அப்போது சிரித்திருக்கிறாள். அவற்றை ஒரு தேயிலைப் பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தான். பெட்டியின் உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். ஈரம் போகாது. போதாததற்கு மூலைக்கொரு துணிமுடிச்சில் காய்ந்த தேயிலைத்தூள். தூள் கெட்டியானால் மாற்றுவான். பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சிக்கொள்வது தேயிலையின் குணம். அதனால்தான் வாட்டும் மாடிக்குள் வெங்காயத்தைக்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். இந்த மழை மலையில் எல்லார் வீட்டுக் காகிதமும் பூசணம் பிடிக்க, அவன் புத்தகங்கள் மட்டும் பிளேன்டீ வாசத்தோடு மொறமொறவென்று இருந்தன.

அவற்றுக்கு விலை உண்டு என்பதை லோஜினிதான் கண்டுபிடித்தாள். அட்டைகளைப் போனில் படமெடுத்து ஒரு குழுவில் போட்டாள். விசாரிப்பு வர ஆரம்பித்ததும் ரிஸ்வி நானா வீட்டுக்கே வந்துவிட்டார். முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, விலை எப்படி உண்டாகிறது என்று அன்றைக்கு அவர் சொன்னது வினோதாவுக்கு இப்போதும் வரி வரியாக ஞாபகம் இருந்தது.

"பழசுங்கிறதால காசு இல்ல தங்கச்சி. என் கடையில கிடக்கிற பஞ்சாங்கம் இதவிடப் பழசு. யாரு சீண்டுறா? நிறைய அடிச்சு, கொஞ்சமாத் தப்பிச்சிருக்கணும். இது புள்ளைகட புத்தகம். கிழிப்பாங்க, கிறுக்குவாங்க. கடைசிப் பக்கத்துல முகமூடி படம் போட்டு 'வெட்டி மாட்டிக்கொள்ளவும்'னு எழுதியிருக்கு பாருங்க. எந்தப் புள்ள வெட்டாம வுடும்? வெட்டாத முகமூடி ஒண்ணு இருந்தா அதுக்குத் தனி மதிப்பு."

"எங்க வீட்டுல வெட்டலியே நானா."

"கத்தரிக்கோலே இல்லாத வூடு, எங்க வெட்டுறது!" என்று அவர் சிரித்தார். "அப்புறம், வாங்குறவன் யாரு? பத்து வயசுல இத வாசிச்சவன். இப்ப கையில காசு இருக்கிது, அந்தப் பத்து வயசு இல்ல. அதத்தான் வாங்க வர்றான். அவன் கிழவனாகி மவுத்தாப் போனா, அவன்ட மகன் இதத் தூக்கி என் தராசுலதான் போடுவான். ஆகையால இந்த வெலை எப்பவும் நிக்காது. இப்பவே வுடுங்க."

"எல்லாமா எடுப்பாங்க?"

"முழு வரிசையா இருந்தா எடுப்பான். மொதலாவது இதழ்தான் தலை. நீங்க வச்சிருக்கிற மொதலாவதுக்கு அட்டை இல்ல. தலையில்லாத முண்டத்த என்னா செய்ய? இன்னொண்ணும் கேளுங்க. அதை நீங்களா ரிப்பேர் பண்ணாதீங்க. டேப் ஒட்டாதீங்க, ஓரம் வெட்டாதீங்க, துடைக்காதீங்க. கிழிஞ்சது கிழிஞ்சபடி இருந்தா ஒரு வெலை. கிழிஞ்சதை ஒட்டினா அதைவிடக் கீழ."

அப்போதுதான் அழகுமுத்து மெல்ல வினோதாவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். முதலாவது இதழின் அட்டை காணாமல் போகவில்லை. புத்தகத்தைத் தைத்த கம்பி துருப்பிடித்துத் தனியே கழன்று வந்த அந்தத் தாளை, லோஜினி கைக்குழந்தையாக இருந்தபோது, இடுக்கை அடைக்க வினோதாதான் ஒட்டினாள். அட்டையில் ஒரு நீலப் பேய். குழந்தை அதைப் பார்த்து வீறிட்டு அழுததால், படத்தைப் பலகைப் பக்கம் திருப்பி, முகத்தில் பசை தடவி ஒட்டிவிட்டாள்.

இந்தக் காம்பராவே இன்னும் கொஞ்ச நாள்தான். லயத்துக்குப் பின்னால் மண் கட்டு வெடித்து, வெடிப்பு ஒவ்வொரு மழைக்கும் அகலமாகிக்கொண்டிருந்தது. வந்து பார்த்த அதிகாரிகள், பெரிய மழைக்கு முன்னால் போய்விடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். மேல் மலையில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்தது. சுவர் நாலு பக்கமும் எழும்பிவிட்டது. கூரைதான் இல்லை; அதற்கான காசு இந்தப் புத்தகங்களில்தான் வர வேண்டும். மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் வினோதா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் அந்தக் கூரையில்லாத வீட்டைப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் தேங்கி, வானம் தெரியும்.

"அம்மா, இந்தத் தாளைப் பாருங்க, என் மொத தீபாவளி வருஷம்!" லோஜினி டோர்ச்சை நெருக்கிக் காட்டினாள். துணிக்கடை விளம்பரம் ஒன்று ஆவியில் சுருண்டு வந்தது. அதற்கு அடியில் தடித்த, பழுப்பேறிய தாள் தெரிந்தது. அட்டையின் முதுகு.

அழகுமுத்து குழாயைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தான். "வந்துட்டா மகராசி. வெயிலே படாம, புகையே படாம!"

வினோதாவின் விரல் நின்றது. அந்தத் துணிக்கடை விளம்பரத்தைப் பார்த்ததும் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. படத்தை எடுத்த எடுப்பில் அவள் திருப்பவில்லை. முதலில் பேயின் கண்ணைத்தான் மறைத்துப் பார்த்தாள். விளக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்து, அதே எண்ணெயில் குழைத்த கண்மை, குழந்தைக்கு வைத்த மிச்சம் விரலில் இருந்தது. அதைப் பேயின் இரண்டு கண்ணிலும் அப்பினாள். பேய் இன்னும் பயங்கரமாகிவிட்டது. குழந்தை இன்னும் கத்தியது. அப்புறம்தான் திருப்பி ஒட்டினாள்.

இது அழகுமுத்துவுக்குத் தெரியாது. அன்றைக்கு அவன் வேலைக்குப் போயிருந்தான்.

"என்னா புள்ள, கை நின்னுருச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. ஆவி காட்டுங்க."

மேல் மூலையை அவள் மெல்லத் தூக்கினாள். நகத்தளவு வந்தது. லோஜினி, "வயலட்!" என்று கத்தினாள். அவள் போனில் பார்த்த எல்லாப் பிரதியிலும் அந்த இடத்து வானம் வெளிறிய சாம்பல் நீலம். படங்களைப் புள்ளி புள்ளியாகப் பார்த்துப் பழகிய அழகுமுத்துவுக்குக் காரணம் உடனே புரிந்தது. வயலட் என்று தனி மை கிடையாது. நீலப் புள்ளியின் மேல் சிவப்புப் புள்ளி அடித்தால் கண்ணுக்கு வயலட். வெளிச்சத்தில் சிவப்புத்தான் முதலில் போகும், நீலம் தங்கும். இந்தத் தாள் இத்தனை வருஷமும் இருட்டைப் பார்த்தே இருந்திருக்கிறது.

ஆனால் வினோதா வேறொன்றைப் பார்த்தாள். தூக்கிய மூலைக்கு நேரே, பலகையிலும் அதே வயலட் இருந்தது. தாளில் கொஞ்சம், பலகையில் கொஞ்சம். பசை படத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

"நிப்பாட்டுங்க. நிப்பாட்டுங்கன்றேன்! படம் பலகையோட நிக்குது."

அவன் குழாயை இறக்கினான். கேத்தல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்த நகத்தளவு மூலையையே பார்த்தார்கள். தொடர்ந்தால் வெறுந்தாள் கையில் வரும். விட்டால் அட்டை பலகைக்குள்ளேயே கிடக்கும்.

"இப்படியே வுட்ருவோம்," என்றான் அழகுமுத்து. குரல் இறங்கியிருந்தது. "கை வைக்காதன்னு ரிஸ்வி நானா சொன்னாரு. அவரு வந்து பாக்கட்டும்."

அன்றைக்கு ராத்திரி ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும்தான். மழைச் சத்தம் தகரத்தில் ஏற ஏற, அவன் புதுக் கூரைக்கு எந்தத் தகரம், எத்தனை மரம் என்று பேசிக்கொண்டே இருந்தான். பயத்தில்தான் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். மையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவன் தகரத்துக்கு அடியில் மழைச்சத்தம் குறைய என்ன வைக்கலாம் என்று கேட்டான். அவள் இன்னொரு ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள்.

காலையில் ரிஸ்வி நானாவும் மதுரனும் த்ரீவீலில் வந்து இறங்கினார்கள். மதுரனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பூண்டுலோயாப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவராம். வந்ததும் கை கழுவத் தண்ணீர் கேட்டார். கழுவி, துவாயால் துடைத்து, அது போதாதென்று இரண்டு கையையும் ஆட்டிக் காயவைத்தார்.

"சாப்பாடா போடப் போறோம்னு நெனச்சிட்டாரு," என்று அழகுமுத்து வினோதாவின் காதில் சொன்னான்.

தேயிலைப் பெட்டியைத் திறந்ததும் மதுரன் குனிந்து மோந்து பார்த்தார். பிறகுதான் ஒவ்வொன்றையும் எடுத்தார். பக்கத்தின் நடுவில் பெருவிரலை வைக்கவில்லை. ஓரத்தைத் தாங்கித் திருப்பினார். கம்பியில் துரு எவ்வளவு, முதுகு மடிப்பில் வெடிப்பு உண்டா, நடுத்தாள் கழன்றிருக்கிறதா, கடைசிப் பக்க முகமூடி இருக்கிறதா. வெட்டாத முகமூடிகளைக் கண்டபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நான் எல்லாத்தையும் வெட்டினவன் அண்ணே," என்றார் அழகுமுத்துவிடம். "எங்கப்பா பள்ளிக்கூடத்து மாஸ்டர். வெட்டினதுக்கு அடி. அடி வாங்கிட்டு அடுத்த மாசமும் வெட்டுவேன்."

பலகை முன்னால் வந்து குந்தினார். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து அந்த மூலையைப் பார்த்தார்.

"இந்த வானத்த எல்லாரும் சாம்பல்னுதான் நெனச்சிருக்கோம். நானும் மறந்தே போயிட்டேன்." எழுந்தார். "எங்க அச்சகத்துக்குப் பழைய படம், மேப் எல்லாம் பிரிச்சுக் கொடுக்கிற ஒருத்தங்க இருக்காங்க. பலகையோட கொண்டுபோனா, தண்ணி காட்டாம, பலகையப் பின்னாலிருந்து சீவிச் சீவி எடுப்பாங்க. தாளைப் பலகைல இருந்து பிரிக்கிறது இல்ல, பலகையத் தாள்ல இருந்து பிரிக்கிறது. கடைசியா மிஞ்சுற பசைக்கு மருந்து இருக்கு. நீங்க நிப்பாட்டினதுதான் நல்லது. இன்னும் ஒரு இஞ்ச் இழுத்திருந்தா போச்சு."

"அப்ப எடுக்கிறீங்களா சேர்?" என்று கேட்டான் அழகுமுத்து.

"முழு வரிசையும் எடுக்கிறேன். பேசின காசு முழுசாத் தர்றேன்." பையின் ஜிப்பில் கை வைத்தவர் நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். முன்பக்கத்துல பேர் எழுதினது, கிறுக்கினது, எதும் உண்டா? படம் வெளிறினா பரவால்ல. மனுசன் கை வச்ச கறைன்னா மதிப்பு பாதியாப் போயிரும். நம்மால இப்ப பாக்க முடியாது. நீங்க சொல்றதுதான்."

"ஒரு பொட்டு கிடையாதுங்க," என்றான் அழகுமுத்து. "கழண்டு வந்த அன்னைக்கே ஒட்டினது. வேணும்னா எம் புள்ள தலையில அடிச்சு..."

அவன் கை லோஜினியின் உச்சந்தலைக்குப் போனது. படுவதற்கு முன்னால் வினோதா அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சத்தியம் பண்ணாதீங்க!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவன் கையை விடவில்லை. விட்டால் அது மறுபடி மகள் தலைக்குப் போய்விடும்போல் பிடித்திருந்தாள்.

"மை வச்சிருக்கேன் சேர். கண்மை. அந்தப் பேயிக்கு ரெண்டு கண்ணுலயும். இவ அழுதாளேன்னு வச்சது. இவருக்குத் தெரியாது."

ரிஸ்வி நானா "அல்லாவே" என்று தலையில் கை வைத்தார். லோஜினிக்குச் சிரிப்பு வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து அடங்கியது. அழகுமுத்து கையை உருவிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டான். மதுரன் வெளியே போய் யாரோடோ போனில் பேசினார். சிங்களத்தில், மெதுவாக. மழைத்தூறல் தகரத்தில் விழுந்தது. வினோதா பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.

திரும்பி வந்தவர் சொன்னார். "அக்கா, பாதி இப்ப வைக்கிறேன். மிச்சம், படம் வெளிய வந்த பிறகு. எப்படி வருதுன்னு பாத்துத்தான் சொல்ல ஏலும். வராமலும் போகலாம்."

அழகுமுத்து சுத்தியலை எடுத்து ஆணி கழற்றினான். பலகையைப் படங்குத் துணியில் சுற்றி, த்ரீவீலில் நெட்டுக்குத்தாக ஏற்றினார்கள். வண்டி வேகம் பிடிக்கும் வளைவுவரை வினோதா குடையைத் தனக்குப் பிடிக்காமல் அந்தத் துணிமேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வீட்டுக்குத் திரும்பியபோது, பலகை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அடுப்புப் புகை தாராளமாக முன்னறைக்கு வந்துகொண்டிருந்தது.

பாதிக் காசுக்குப் பாதிக் கூரைதான் வந்தது. அடுப்படிக்கும் ஓர் அறைக்கும் தகரம், மற்ற பக்கம் நீலத் தார்ப்பாய். பெரிய மழைக்கு முன்னால் குடிபோய்விட்டார்கள். அவர்கள் குடிபோன வாரமே லயத்தின் பின்பக்கம் ஒரு துண்டு மண் இறங்கி, அவர்கள் காம்பராவின் அடுப்படிச் சுவரை உள்ளே தள்ளியது. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி வந்து சொன்னபோது வினோதா கும்பிட்ட கையை இறக்க வெகுநேரமானது. அழகுமுத்து அப்போதும் அவளோடு தேவைக்கு மட்டும்தான் பேசினான். ரொட்டி போதும். குடை எங்கே. அவ்வளவுதான்.

ஒரு மழைப் பின்னேரம், மூவரும் தகரத்துக்கு அடியில் குந்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது லோஜினியின் போன் கிணுங்கியது. படம் ஒன்று. கீழே மதுரனின் குரல்.

"அக்கா, படம் பிரிஞ்சிட்டு. வானம் முக்கால்வாசி தாளோட வந்திருக்கு. ஓரமெல்லாம் பலகையோட போயிட்டு. ஆனா பேயோட முகம் அப்படியே முழுசா இருக்கு. என்னான்னு கேட்டேன். உங்க மையில எண்ணெய் இருந்திருக்கு. எண்ணெய் ஊறின எடத்துல மாப்பசை பிடிக்கல்ல. அங்கிருந்துதான் பிரிக்கவே தொடங்கினாங்களாம். கறை கறைதான், அதுக்குக் குறைக்கத்தான் வேணும். மிச்சம் எவ்வளவுன்னு வந்து பேசுறேன்."

வயலட் வானத்தின் கீழே நீலப் பேய், இரண்டு கண்ணும் கன்னங்கரேலென்று, அப்பியது நேற்றுப்போல. அந்தக் கருப்பைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் நிறம் கொஞ்சமும் குறையாமல் இருந்தது.

வினோதா புருஷனைப் பார்க்கப் பயந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அந்தப் பக்கத்துத் தார்ப்பாய் படபடத்தது. அழகுமுத்து போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோனான்.

"ஏன்டி," என்றான் கடைசியில்.

"என்னாங்க?"

"அன்னைக்கே வானத்துக்கும் சேத்துப் பூசியிருக்கக் கூடாதா? அந்தப் பக்கத்துக்கும் தகரம் போட்டிருக்கலாம்."